ரிலையன்ட் கே: எல்லாரும் கேக்குற கேள்விகள், என்னோட பதில்கள்

சர்ச் யூத் குரூப்ல யாராவது கிடார் கத்துக்க ஆரம்பிச்சா நான் முதல்ல அனுப்பி வைக்கிறது இவங்க பாட்டைத்தான். அனுப்புன உடனே கேள்வி வரும், ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான். அதனால எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே இடத்துல எழுதிட்டேன், இனிமே இதையே அனுப்பிடலாம்.

ரிலையன்ட் கே யாரு? முகேஷ் அம்பானி கம்பெனிக்கு ஏதாவது சம்பந்தம் இருக்கா?

இல்லவே இல்ல. இது அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல இருக்குற கேன்டன்கிற ஊர்ல 1998ல ஆரம்பிச்ச ஒரு கிறிஸ்தவ பாப் ராக் பேண்ட். பங்க் ராக் வேகத்துல கிடார், அது மேல சட்டுனு மனசுல ஒட்டிக்கிற மெட்டு, வரிக்கு வரி சிலேடை, நடுவுல பியானோ, இதுதான் இவங்க. ஆரம்பிச்சவங்க மூணு பேர்: பாடி எழுதுற மேட் தீசன், கிடார் மேட் ஹூப்ஸ், பேஸ் கிடார் பிரையன் பிட்மன்.

அப்ப அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சு?

ஹூப்ஸ் ஓட்டிக்கிட்டு இருந்த காரோட பேரு. பிளிமத் ரிலையன்ட் கே. ஃபெராரி மாதிரி எதையாவது கற்பனை பண்ணிக்காதீங்க, பெட்டி மாதிரி சதுரமா, பார்த்தா ஞாபகத்துலயே நிக்காத ஒரு குடும்பக் கார் அது. ஆனா அந்தக் காருக்கு ஒரு பெரிய கதை இருக்கு. 1970கள் கடைசியில கிரைஸ்லர் கம்பெனி திவால் ஆகுற நிலைமைக்கு வந்துருச்சு, அமெரிக்க அரசாங்கம் 150 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்னுச்சு, அப்ப லீ அயகோக்கா தலைமையில 1981 மாடலா இறக்கினதுதான் இந்த 'கே' கார் வரிசை. சின்ன நாலு சிலிண்டர் எஞ்சின், முன் சக்கரம் இழுக்குற வண்டி, ஆனாலும் ஆறு பேர் உக்காரலாம். விலையும் கம்மி, பெட்ரோலும் கம்மி. சனங்க வாங்குனாங்க, கம்பெனி பொழச்சுச்சு. 1989 வரைக்கும் ஓடுச்சு. அதனால 90கள் கடைசியில ஒரு சின்னப் பையன் கையில பழைய கே கார் இருக்கறது அங்க ரொம்ப சாதாரணம், நம்மூர்ல அப்பா கிட்ட இருந்து கைமாறி வந்த பழைய மாருதி 800 மாதிரின்னு வெச்சுக்கோங்க.

முதல் ஆல்பத்துல கடைசிப் பாட்டோட பேரே 'கே கார்'தான். யாருமே பெருமையா சொல்லிக்காத ஒரு வண்டியை எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டாங்க பாருங்க, எனக்கு இவங்களைப் பிடிச்சுப் போனதே அந்த இடத்துலதான்.

ஸ்பெல்லிங் தப்பா இருக்கே?

வேணும்னே மாத்துனதுதான். கார் பேருல ஆங்கில 'ஏ' வர்ற இடத்துல இவங்க 'இ' போட்டாங்க, டிரேட்மார்க் பிரச்சனை வரக்கூடாதுன்னு. தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கும், அதனால நமக்கு அந்தக் குழப்பமே கிடையாது. கூகுள்ல தேடும்போது மட்டும் பார்த்து டைப் பண்ணுங்க, இல்லைன்னா பழைய கார் விளம்பரமா வந்து கொட்டும்.

இவங்களை யாரு கண்டுபிடிச்சா?

டிசி டாக்னு 90கள்ல கிறிஸ்தவ இசையில பெரிய பேரு. அவங்களுக்கு மேடையில கிடார் வாசிச்ச மார்க் லீ டவுன்சென்ட்தான் இவங்களோட முதல் டெமோவை 1998ல ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்தார். அந்த வழியா டிசி டாக்ல இருந்த டோபி மெக்கீஹன் காதுக்குப் போச்சு, இப்ப எல்லாரும் டோபிமேக்னு சொல்றவர் அவர்தான். அவர் சேர்ந்து ஆரம்பிச்ச கோட்டீ ரெக்கார்ட்ஸ்ல இவங்களைச் சேர்த்துக்கிட்டாங்க. பேண்ட் பேரையே தலைப்பா வெச்சு 2000ல முதல் ஆல்பம் வந்துச்சு. அப்புறமும் பல ஆல்பத்துக்கு டவுன்சென்ட் கூடவே இருந்தார், 2004 வரைக்கும் இவங்க சத்தம் அப்படி இருந்ததுல அவருக்குப் பெரிய பங்கு இருக்கு.

மர்லின் மேன்சன் என் கேர்ள்ஃப்ரெண்டை சாப்பிட்டுட்டான்னு ஒரு பாட்டு இருக்காமே, நிஜமா?

நிஜம்தான். மேன்சன்னா பயமுறுத்துற வேஷம், மதத்தைச் சீண்டுற பாட்டுன்னு பேர் வாங்குன அமெரிக்க ராக் பாடகர். முதல் ஆல்பத்துல 'மை கேர்ள்ஃப்ரெண்ட்'. சர்ச்ல வளர்ந்த பையனோட காதலி மேன்சன் பாட்டுல விழுந்து அப்படியே மாறிப் போயிடறா, அதை 'அவன் அவளைத் தின்னுட்டான்'னு பாடுறாங்க. கேட்டா சிரிப்பு வரும். ஆனா இதுல பல பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு, மேன்சன் பொறந்ததும் அதே கேன்டன் ஊர்தான்! அங்க ஒரு கிறிஸ்தவ ஸ்கூல்ல படிச்சவர் வேற. ஒரே ஊரு, ஒரே மாதிரி சர்ச் சூழல், அதுல இருந்து ஒரு பக்கம் மேன்சன், இன்னொரு பக்கம் இந்தப் பசங்க. அது தெரிஞ்சப்புறம் அந்தப் பாட்டை சும்மா காமெடின்னு மட்டும் கேக்க முடியல, ஊர்ல ஒரு தலைமுறை முன்னாடி இருந்த அண்ணனைப் பார்த்து தம்பிங்க பேசுற மாதிரி இருக்கு.

மெம்பர்ஸ் யாரு யாரு? அடிக்கடி மாறுவாங்களா?

மாறாத ரெண்டு பேர் ரெண்டு மேட்தான். தீசன் பொறந்தது கனடாவுல, ஒன்டாரியோ மாகாணம், வளர்ந்து பேண்ட் ஆரம்பிச்சது ஒஹாயோவுல.

டிரம்ஸ்ல ஆரம்பத்துல சில பேர் வந்து போனாங்க, அப்புறம் 2000ல டேவ் டக்ளஸ் வந்தார், அதுக்கப்புறம்தான் அந்த இடம் நிலையாச்சு. நிறைய பாட்டுல தீசன் குரலோட சேர்ந்து மேல கேக்குற இன்னொரு குரல் இவருதுதான். என்னைக் கேட்டா பேண்டோட பாதி அழகு அந்தக் குரல்ல இருக்கு. 2007 கடைசியில கிளம்பினார். அவர் இடத்துக்கு ஈதன் லக் வந்தார், அதுக்கு முன்னாடி சூப்பர்டோன்ஸ் பேண்ட்ல கிடார், டீமன் ஹன்டர் பேண்ட்ல கிடார், இங்க வந்து டிரம்ஸ்! எதைக் கொடுத்தாலும் வாசிக்கிற ஆளு.

பிட்மன் 2004ல விலகிப் போய் தோட்டம், புல்வெளி அமைக்கிற தொழில் ஆரம்பிச்சார், அப்புறம் இன்ஹேல் எக்ஸ்ஹேல்னு பயங்கரமா கத்துற ஒரு ஹெவி பேண்ட்ல சேர்ந்தார். 'மூட் ரிங்ஸ்' மாதிரி இவங்களோட ஜாலிப் பாட்டுக்கு வாசிச்ச ஆளா இதுன்னு ஆச்சரியமா இருக்கும். அவருக்குப் பதிலா ஏஸ் ட்ரபிள்ஷூட்டர்ங்கற பேண்ட்ல இருந்து ஜான் வார்ன் வந்தார். அதுக்கப்புறம் ஜான் ஷ்னெக், கிடார், பான்ஜோ, மணி, கையில கிடைக்கிற எல்லாம். இந்த அஞ்சு பேர் செட்டுதான் மேடையில உச்சம்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

2016 ஆல்பம் வந்தப்ப பேண்ட்னா ரெண்டு மேட் மட்டும்தான். அப்புறம் 2022ல 'உம் யா' டூர் போனாங்க, டக்ளஸ் திரும்ப டிரம்ஸ்ல வந்து உக்காந்தார். அந்த வீடியோ பார்த்தப்ப ஊருக்குப் போன அண்ணன் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

ஆல்பம் பேரெல்லாம் ஏன் இப்படி இருக்கு? புரியவே இல்லை.

இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

2003 ஆல்பம் பேரு, 'ரெண்டு லெஃப்ட் ஒரு ரைட் ஆகாது, ஆனா மூணு லெஃப்ட் ஆகும்'. ரெண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி ஆகாதுன்னு ஆங்கிலத்துல ஒரு பழமொழி, 'ரைட்'னா சரிங்கற அர்த்தமும் இருக்கு, வலதுங்கற அர்த்தமும் இருக்கு. நம்ப முடியலன்னா எழுந்து நின்னு பாருங்க: ஒரு தடவை இடது பக்கம் திரும்புங்க, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. இப்ப நீங்க பார்க்கறது, ஆரம்பத்துல உங்க வலது கை இருந்த பக்கம். கார் பேரை வெச்ச பேண்டுக்கு வண்டி திருப்புற ஜோக்! அதே ஆல்பத்துல 'ஹூப்ஸ் ஐ டிட் இட் அகெய்ன்'னு ஒரு பாட்டு, பிரிட்னி ஸ்பியர்ஸோட 'ஊப்ஸ்' பாட்டுல கிடாரிஸ்ட் பேரை நுழைச்சு விட்டுட்டாங்க.

2007 ஆல்பம், 'ஃபைவ் ஸ்கோர் அண்ட் செவன் இயர்ஸ் அகோ'. ஆபிரகாம் லிங்கன் 1863ல கெட்டிஸ்பர்க்ல பேசுன பேச்சு 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன்'னு ஆரம்பிக்கும், ஸ்கோர்னா இருபது, நாலு இருபது எம்பது, கூட ஏழு, 87 வருஷம் முன்னாடின்னு அர்த்தம். இவங்களுக்கு அது அஞ்சாவது முழு ஆல்பம், முதல் ஆல்பம் வந்து ஏழு வருஷம். அவ்வளவுதான் கணக்கு. இது அமெரிக்க ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200ல நேரா 6வது இடத்துல வந்து நின்னுச்சு.

கிறிஸ்மஸ் ஆல்பம் 2003ல வந்தது, 'டெக் த ஹால்ஸ், ப்ரூஸ் யுவர் ஹேண்ட்'. 'டெக்'னா அலங்காரம் பண்றது, கொச்சையில ஓங்கிக் குத்துறதுன்னும் அர்த்தம். சுவத்தைக் குத்துனா கை வீங்கும்ல? 2007ல இன்னும் பாட்டு சேர்த்து 'லெட் இட் ஸ்னோ பேபி, லெட் இட் ரெயின்டீர்'னு மறுபடி விட்டாங்க. மழையா பெய்யட்டும்னு சொல்ற 'ரெயின்' அப்படியே கலைமானா மாறிடும். அதுல பன்னிரண்டு நாள் கிறிஸ்மஸ் பாட்டு பாடும்போது நடுவுல நிறுத்தி கவுதாரின்னா என்ன, பேரிக்கா மரம்னா என்ன, எங்களுக்கே தெரியாது, ஆனா இதெல்லாம் ஒரு பரிசான்னு கேப்பாங்க. சின்ன வயசுல கேரல்ஸ் போகும்போது நானும் அர்த்தம் தெரியாமதான் அதைப் பாடியிருக்கேன், முதல் தடவை கேட்டப்ப அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

2011ல மத்தவங்க பாட்டைப் பாடி ஒரு தொகுப்பு விட்டாங்க, பேரு 'இஸ் ஃபார் கரோக்கே'. பேண்ட் பேரோட சேர்த்துப் படிங்க: ரிலையன்ட், கே இஸ் ஃபார் கரோக்கே. டோட்டோவோட 'ஆஃப்ரிக்கா'வும் ஜஸ்டின் பீபர் 'பேபி'யும் ஒரே இடத்துல கேக்கணும்னா அங்க போங்க.

பத்து செகண்ட் பாட்டு இருக்குன்னு சொல்றாங்களே?

2007 ஆல்பத்துல இருக்கு, 'க்ரேயான்ஸ் கேன் மெல்ட் ஆன் அஸ் ஃபார் ஆல் ஐ கேர்'. உங்க வாழ்க்கையில பத்து செகண்டை வீணாக்கிட்டேன்னு பாடிட்டு முடிச்சுருவார், அவ்வளவுதான் பாட்டு. தலைப்பைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுரும்.

அதே ஆல்பத்துல கடைசிப் பாட்டு 'டெத்பெட்', பதினோரு நிமிஷம். பத்து செகண்ட் பாட்டுக்குச் சிரிச்ச அதே ஆளை அதே சிடியில அழ வைப்பாங்க. கேன்சர்ல சாகக் கிடக்குற ஒரு ஆளு தன் வாழ்க்கையைச் சொல்றான்: சின்ன வயசு, அவசரக் கல்யாணம், குடி, பவுலிங் விளையாட்டு, விடாம புடிச்ச சிகரெட். பெருசா நல்லவனும் இல்ல, பெரிய வில்லனும் இல்ல, நம்ம தெருவுல இருக்குற ஏதோ ஒரு மாமா மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இசை மாறிக்கிட்டே போகும். கடைசியில இயேசு வந்து பேசுவார், அந்த இடத்துல பாடுறது தீசன் இல்ல, சுவிட்ச்ஃபுட் பேண்டோட ஜான் ஃபோர்மன். பத்து நிமிஷமா ஒரே குரலைக் கேட்டுக்கிட்டு இருந்த காதுக்கு அங்க திடீர்னு வேற ஒரு குரல் வருது பாருங்க, அதான் விஷயம். எங்க தாத்தா ஆஸ்பத்திரியில இருந்த வாரம் நான் ராத்திரி வராண்டா பெஞ்சுல உக்காந்து இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன், அந்தக் குரல் வந்தப்ப இயர்ஃபோனை கழட்டிட்டு உள்ள போய் அவர் கையைப் புடிச்சுக்கிட்டேன்.

இவ்வளவு ஜோக் அடிக்கிறாங்களே, இவங்க நிஜமாவே கிறிஸ்தவ பேண்டா? ஆராதனைப் பாட்டு மாதிரி எதுவும் இல்லையே?

சர்ச்ல பெரியவங்க இதைக் கேக்கும்போது நான் கோவப்படறதில்ல, நியாயமான கேள்விதான். ஆனா 2004 ஆல்பம் 'ம்ஹ்ம்'ல 'பி மை எஸ்கேப்' கேளுங்க. கிருபைன்னா அது நியாயத்துக்கு உட்பட்டது இல்லைங்கறது அந்தப் பாட்டோட நடு நரம்பு. மத்தேயு 20ல திராட்சைத் தோட்டத்து உவமை ஞாபகம் இருக்கா, காலையில இருந்து வெயில்ல வேலை செஞ்சவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேலை செஞ்சவனுக்கும் ஒரு பணம், முன்னாடி வந்தவங்க முறுமுறுப்பாங்க. அந்த முறுமுறுப்பை நாலு நிமிஷ ராக் பாட்டுல, பிரசங்கம் பண்ற தொனியே இல்லாம, 'எனக்குத் தகுதி இல்ல, ஆனாலும் கிடைச்சுருச்சு'ன்னு நிக்கிற ஆளோட பக்கத்துல இருந்து பாடுனா எப்படி இருக்கும்? அதான் அது.

அதே ஆல்பத்துல 'ஹூ ஐ ஆம் ஹேட்ஸ் ஹூ ஐவ் பீன்', இப்ப இருக்குற நான் பழைய என்னை வெறுக்கிறேன்னு. மனந்திரும்புதல்னு நாம வாரா வாரம் கேக்குற வார்த்தையை ஒரு இருபத்தி சொச்சம் வயசுப் பையன் தன் பாஷையில சொன்னா அப்படித்தான் இருக்கும். இந்த ஆல்பத்தை கோட்டீயோட சேர்ந்து கேப்பிட்டல் கம்பெனியும் வெளியிட்டுச்சு, கிறிஸ்தவ கடைக்கு வெளிய இருந்த ஆளுங்களுக்கும் போய்ச் சேர்ந்துச்சு. வார்ப்ட் டூர் மாதிரி பங்க் மேடையில நின்னும் இதே பாட்டைத்தான் பாடினாங்க.

என்னைப் பொறுத்தவரை ஜோக்கும் விசுவாசமும் இவங்ககிட்ட தனித்தனியா இல்ல. சிரிச்சுப் பேசுற ஆளுகிட்டதான நாம உள்ளதைச் சொல்வோம்?

எல்லாப் பாட்டும் நல்லாருக்குமா?

இல்ல. 'மூட் ரிங்ஸ்'னு 2003ல ஒரு ஹிட், பொண்ணுங்க மூட் எப்ப எப்படி மாறும்னே தெரியல, கலர் மாறுற மோதிரம் போட்டு விடலாம்னு. மெட்டு அபாரம், ஆனா இப்ப என் தங்கச்சி பக்கத்துல உக்காந்து கேக்கும்போது நெருடுது, பொண்ணுங்களைப் பத்தி பையன்க மட்டும் பேசிக்கிற பாட்டு அது. 2013ல வந்த 'கொலாப்சிபில் லங்' ஆல்பத்துல வெளி ஆளுங்களோட சேர்ந்து பாப் பாட்டா எழுதினாங்க, ரசிகர்கள் நிறைய பேருக்குப் பிடிக்கல, எனக்கும் பாதிதான் பிடிச்சுச்சு.

எனக்கு எல்லாத்தையும் விட உசத்தி 2009ல வந்த 'ஃபர்கெட் அண்ட் நாட் ஸ்லோ டவுன்'. தீசனுக்கு நிச்சயம் ஆன கல்யாணம் நின்னு போனதுக்கு அப்புறம் எழுதுனது. ஒரு பாட்டு முடிஞ்சு இன்னொரு பாட்டுக்குள்ள ஓடும், நடுநடுவுல குட்டிக் குட்டி இசைத் துண்டுங்க, முழுசா ஒரே மூச்சுல கேக்கணும். யார் மேலயும் பழி போடாம, 'என் தப்பு இது'ன்னு ஒத்துக்கிட்டு அடுத்த அடி எடுத்து வைக்கிற ஆல்பம். சிலேடை ரொம்பக் கம்மி.

'ஃபயர்ஃப்ளைஸ்' பாட்டுல இவங்க இருக்காங்களாமே?

ஆமா! அவுல் சிட்டிங்கற எலக்ட்ரானிக் பாப் குழுவோட 'ஃபயர்ஃப்ளைஸ்', 2009ல அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சு, அந்தக் காலத்துல எல்லார் ஃபோன்லயும் ரிங்டோன். அதுல பின்னாடி கேக்குற குரல் மேட் தீசனோடது, தயாரிப்புலயும் கை கொடுத்திருக்கார். நீங்க ரிலையன்ட் கே கேட்டதே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா, அவரை எப்பவோ கேட்டுட்டீங்க.

'தி ஆபீஸ்' சீரியல் மியூசிக்கை மேடையில வாசிச்சது இவங்கதானா?

இவங்கதான். ஆளுக்கொரு வாத்தியத்தை எடுத்துக்கிட்டு அந்த டைட்டில் இசையை அப்படியே வாசிப்பாங்க, கூட்டம் கத்துற கத்துல பாதி கேக்காது. முதல் ஆல்பத்துலயே 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தை வெச்சு 'ஹெலோ மெக்ஃப்ளை', பழைய டிவி சீரியல் பேர்ல 'சார்ல்ஸ் இன் சார்ஜ்', துப்பறியும் கதாநாயகி பேர்ல 'நான்சி ட்ரூ'னு வெச்சவங்க, டிவி பார்த்து வளர்ந்த பசங்க. காய்கறியெல்லாம் பேசுற கிறிஸ்தவ கார்ட்டூன் வெஜ்ஜிடேல்ஸ்ல வர்ற எதுவுமே செய்யாத கடற்கொள்ளைக்காரர்கள் பாட்டையும் இவங்க ராக்கா பாடியிருக்காங்க, சண்டே ஸ்கூல் பசங்களுக்குப் போட்டுக் காட்டுங்க, மேசை மேல ஏறிடுவாங்க.

புதுசா கேக்கறவங்க எங்க ஆரம்பிக்கணும்?

முதல்ல 'பி மை எஸ்கேப்'. பிடிச்சா 'சேடி ஹாக்கின்ஸ் டான்ஸ்', 2001 ஆல்பத்துல இருக்கு. அந்தப் பேருக்கு மட்டும் விளக்கம் வேணும்: அமெரிக்க ஸ்கூல்ல பொண்ணுங்க போய் பசங்களை டான்ஸுக்குக் கூப்பிடுற நாள் அது, 1937ல 'லில் ஆப்னர்'னு ஒரு காமிக்ஸ்ல வந்த கற்பனை நிஜ வழக்கமாவே ஆகிடுச்சு. அப்புறம் 2016 ஆல்பம் 'ஏர் ஃபார் ஃப்ரீ', பதினாறு பாட்டு, நீர்யானை பேர்ல எல்லாம் பாட்டு இருக்கு, வயசான பிறகும் விளையாட்டை விடல. 2009 ஆல்பத்தை ஒரு பஸ் பயணத்துக்கு எடுத்து வெச்சுக்கோங்க, ஜன்னல் சீட் கிடைச்சா நல்லது.

'டெத்பெட்' கடைசியில. வண்டி ஓட்டும்போது வேண்டாம். பதினோரு நிமிஷம் யாரும் கூப்பிடாத நேரமா பார்த்து ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க, நடுவுல நிறுத்தாதீங்க.